மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய ஓலை

போன மாதம் புதுச்சேரியில் ஒரு திரைப்படச் சங்கத்தில் படம் காட்டினார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்துப் பிரிந்த இரண்டு பையன்கள் பதினைந்து வருடம் கழித்துச் சந்தித்து, சின்ன வயதில் தங்களுக்குள் இருந்தது காதல்தான் என்று தெரிந்துகொள்ளும் கதை. நன்றாக எடுத்திருந்தார்கள். நானும் கை தட்டினேன். கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எரிச்சல் வர ஆரம்பித்தது. வீடு வந்து சேரும்வரை தீரவில்லை. இன்றைக்கும் தீரவில்லை.

அந்தப் படத்தில் இருவரும் மழையில் சந்திக்கிறார்கள். ஒரு பார்வை, பின்னால் வயலின், பத்து நிமிடத்தில் இருவருக்கும் எல்லாம் விளங்கிவிடுகிறது. அவர்களுக்கு ஆபீஸ் இல்லை, அம்மா இல்லை, தங்கை இல்லை, ஞாயிற்றுக்கிழமை போக வேண்டிய கோயில் இல்லை. படம் முடிந்த பிறகு ஓர் இளைஞர் எழுந்து, அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்கள் பயந்து ஒளிந்துதான் வாழ்ந்திருப்பார்கள் என்றார். 1964இல் நானும் என் பள்ளிச் சிநேகிதனும் சிதம்பரம் கீழ வீதியில் கை கோத்துக்கொண்டு நடந்திருக்கிறோம். எதிரே வந்த பழைய வாத்தியார் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "சிநேகம்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் எங்களைத் திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்போம். பாராட்டிக்கொண்டே இருந்தது.

1955 முதல் நான் பார்த்த ஒவ்வொரு படத்துக்கும் நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, கிழமை, ஊர், காட்சி, எந்த வகுப்பில் உட்கார்ந்தேன், வழியில் மழை உண்டா இல்லையா என்பதுவரை அதில் இருக்கும். அந்த நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு சம்பவம் மட்டும் நோட்டுக்கு முந்தியது. 1952. கடலூரில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் நானும் அவனும் பூசைக்கு உதவி செய்யும் பையன்கள். எட்டாம் வகுப்பு, பதினான்கு வயது. சிவப்பு அங்கிக்குப் பின்கழுத்தில் ஒரு கொக்கி உண்டு. அவனுக்கு அது போட வராது. ஒவ்வொரு ஞாயிறும் என்னிடம் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான், நான் மாட்டிவிடுவேன். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, காய்ச்சலால் நான் தாமதமாகப் போனேன். உடை மாற்றும் அறையின் வாசலில் நின்று பார்த்தால், அவன் ஒரே கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தக் கொக்கியை அநாயாசமாக மாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். மாட்டிய கொக்கியைக் கழற்றிவிட்டு, வந்து முதுகைக் காட்டி நின்றான். நான் வழக்கம்போல் மாட்டிவிட்டேன். அவ்வளவுதான். மறு வருடம் ரயில்வேயில் இருந்த அவன் அப்பாவுக்கு மாற்றல் வந்து குடும்பத்தோடு போய்விட்டான். கடிதம் ஒன்றுகூட இல்லை.

1962 அக்டோபர், இரண்டாவது வெள்ளிக்கிழமை, சிதம்பரம், மேட்னி, பெஞ்சு, தூறல். அப்போது நான் கடலூரில் ஓர் ஆபீஸில் பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வெள்ளிக்கிழமை சிதம்பரம் போய்க் கட்டுகளைச் சரிபார்த்துவிட்டு வர வேண்டும். வேலை ஒரு மணிக்கு முடிந்துவிடும், திரும்பும் ரயில் சாயங்காலம். இடையில் சினிமாவைத் தவிர என்ன இருக்கிறது? அன்றைக்குப் படம் நடுவில் அறுந்தது. அண்ணாமலை நகர் ஹாஸ்டல் பிள்ளைகள் விசில் அடித்தார்கள், ஆப்பரேட்டரின் பரம்பரையை விசாரித்தார்கள். பின்சுவரின் சதுர ஓட்டையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒட்டிக்கினுதான் இருக்கேன், இருங்கய்யா. உங்க அப்பன் வீட்டுப் படமா அறுந்துபோச்சு?"

ஒன்பது வருடம் கழித்துக் கேட்ட குரல் அது. மழை இல்லை, வயலின் இல்லை. முந்நூறு பேர் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் மாடிப்படி ஏறிப் போனேன். பனியனோடு, வேர்த்துக் கொட்டிக்கொண்டு, கையில் பிலிம் துண்டோடு நின்றான். தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"நீயா. கண்ணாடி போட்டுட்ட. உக்காரு, அந்தப் பொட்டி மேல உக்காராத, அது நாளைக்குப் போவணும்."

அப்பா இறந்தபின் அம்மாவோடும் தங்கையோடும் சிதம்பரத்தில் குடியேறி, தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அதிலிருந்து என் வெள்ளிக்கிழமைகள் அந்த அறையில்தான். இரண்டு மெஷின், வெளிச்சத்துக்காகக் கரிக்குச்சி எரியும் வாடை, அடுப்படி மாதிரி சூடு. ஒரு மெஷினில் ரீல் ஓடி முடியும் நேரத்தில், திரையின் வலது மேல்மூலையில் சின்னப் புள்ளி ஒன்று மின்னும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினை ஓடவிட வேண்டும். சில விநாடியில் இரண்டாவது புள்ளி. அப்போது இதை மூடி அதைத் திறக்க வேண்டும். பதினோரு நிமிடத்துக்கு ஒரு தரம் இந்தக் கூத்து. ஆகவே அவன் எப்போதும் ஓட்டை வழியாக அந்த மூலையைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவான். நான் முக்கியமாக ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கட்டாயம் புள்ளி வந்துவிடும். இரண்டு வருடத்தில் ஒரு முழு வாக்கியம் பேசி முடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

படங்களும் உதவவில்லை. கதாநாயகனுக்கு ஓர் உயிர் நண்பன் இருப்பான். தோளில் கை போட்டுப் பாடுவார்கள். கதாநாயகிக்குக்கூட அவ்வளவு நெருக்கமான காட்சிகள் கிடைக்காது. கடைசி ரீலில் அந்த நண்பன், நாயகன் மடியில் தலை வைத்துச் செத்துப்போவான். நாயகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாலி கட்டப் போவான்.

"ஏன் எப்பப் பாத்தாலும் சிநேகிதக்காரன் சாவறான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உசுரோட இருந்தா கல்யாணத்துக்கு அப்பறம் எங்க உக்கார வைக்கிறது?" என்றான், மூலையைப் பார்த்தபடி.

1964 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. என் நோட்டில் அன்றைக்குத் தேதி இருக்கிறது, மேட்னி என்று இருக்கிறது, வெயில் என்று இருக்கிறது. படத்தின் பெயர் இல்லை. அத்தனை நோட்டுகளிலும் பெயர் இல்லாத ஒரே பதிவு அதுதான். காலையில் கரிக்குச்சி மாற்றும்போது அவன் வலது கையில் இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டிருந்தான். மேட்னி முடிந்ததும் முதலாளி வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றான்.

"காலர் பொத்தான போட்டுவுடேன்."

போட்டுவிட்டேன். அவன் நகரவில்லை.

"அங்கி கொக்கி எனக்கு எட்டாவதுலயே போடத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் போட்டுவுட்ட?"

"தெரிஞ்சும் நீ ஏன் வந்து நின்ன?"

அதற்குள் புள்ளி வந்துவிட்டது. ஓடினான், மெஷினை மாற்றினான். திரும்பி வந்து, சுடாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த புள்ளி வரும்வரை அப்படியே நின்றான். பதினோரு நிமிடம். கீழே என்ன படம் ஓடியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு வந்த எட்டு ஒன்பது மாதம் பற்றி எனக்குப் புகார் இல்லை.

1965இல் ஈஸ்டர் முடிந்து இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், கூடத்தில் அவன் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அவன் அம்மா. எதிரில் தட்டு நிறைய வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ. என் அம்மாவின் முகத்தில் நான் அரசாங்க வேலையில் சேர்ந்த அன்றுகூடப் பார்க்காத மலர்ச்சி.

தன் தங்கையை எனக்குக் கொடுக்க வந்திருந்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தைய வெள்ளிக்கிழமை நாலு மணிநேரம் கூட இருந்திருக்கிறான், சொல்லவில்லை.

வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னா வேல இது?"

அவன் முகம் பரீட்சையில் முதலாவதாக வந்த பையன் முகம்போல் இருந்தது. "யோசிச்சுப் பாரு. இப்ப நான் உன் வீட்டுக்கு வந்தா, எதுக்கு வந்தான்னு ஒரு கேள்வி இருக்கு. நாளைக்கு மச்சான் வீட்டுக்கு மச்சான் வர்றான், எவன் கேப்பான்? பத்து நாளு தங்குனாலும் கேக்க மாட்டான். கெழவனானாலும் கேக்க மாட்டான்."

"உன் தங்கச்சி?"

"அவளுக்கு என்னா, நல்ல மாப்ள கெடைக்குது. உன்ன மாதிரி குடிக்காத ஆளு எங்க இருக்கான்?"

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். எங்கள் பக்கத்தில் இது நல்ல யோசனை. சிநேகிதனுக்குத் தங்கையைக் கொடுப்பது, சிநேகிதன் தங்கையைக் கட்டுவது, சிநேகத்துக்குப் பட்டா வாங்குவது மாதிரி. இரண்டு வீடும் ஒரே மதம், ஒரே ஜாதி. அதுதான் வினையாகப் போனது. வேறு ஜாதியாக இருந்திருந்தால் இந்த யோசனை அவனுக்கு வந்தே இருக்காது.

"யோசிக்கிறேம்மா" என்று உள்ளே போய்ச் சொன்னேன். என் வீட்டில் ஆண்பிள்ளை யோசிக்கிறேன் என்றால் வெட்கப்படுகிறான் என்று அர்த்தம். "இன்னும் என்னாடா யோசிக்கணும்? பொண்ணு டீச்சர் ட்ரெயினிங் முடிச்சிருக்கு, நம்ம ஜனம், அண்ணங்காரன் உன் கூடப் படிச்சவன்" என்று சொல்லிவிட்டு அம்மா பூவை வாங்கிக்கொண்டாள்.

இங்கே என் தவறையும் எழுத வேண்டும். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பங்குச் சாமியார் கூப்பிட்டு மந்திரம், அதாவது செபமெல்லாம், ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார். தெரியாவிட்டால் படித்துவிட்டு வரச் சொல்வார். நான் போய் எல்லா மந்திரத்தையும் தவறில்லாமல் சொன்னேன். சம்மதமா என்று கேட்டார். பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான், சந்தோஷமாக. தலையை ஆட்டிவிட்டேன். வாயில்லாத பிராணி மாதிரி. அந்த ஞாயிறு இரண்டு ஊர்க் கோயிலிலும் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். மூன்று ஞாயிறு இப்படி வாசிக்க வேண்டும். தடையை அறிந்தவன் இரண்டாவது பெஞ்சில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது ஓலை ஞாயிறும் போயிற்று. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மேட்னிக்கு அவன் தங்கை வந்தாள். இடைவேளையில் மாடிப்படியின் கீழ்ப்படியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். இருபத்தொரு வயது, ஒல்லி, அண்ணனைப் போலவே எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் பேசும் பழக்கம்.

"சின்னதுல இருந்து உங்கள அண்ணன்னுதான் கூப்புட்டுருக்கேன். இப்ப என்னான்னு கூப்புடறதுன்னு தெரியல. அதனால ஒண்ணும் கூப்புடாமயே பேசறேன்."

"சொல்லும்மா."

"பாக்கற படத்தயெல்லாம் ஒரு நோட்டுல எழுதுவீங்களாமே. அண்ணன் சொல்லிச் சிரிப்பாரு. அதக் குடுங்க."

எதற்கு என்று கேட்டிருக்கலாம். நோட்டை யாரேனும் படிக்கக் கேட்பது அதுவே முதல் தடவை. பெருமையாக இருந்தது, கொடுத்துவிட்டேன். இதைப்போல் ஒரு முட்டாள்தனம் நான் அதற்குப் பிறகு செய்ததில்லை. அவள் பக்கங்களைப் புரட்டி, தேடாமலே, 1964 ஜூலைக்குப் போய் நின்றாள்.

"இதுல படம் பேரு இல்லயே."

விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தாள்.

"எனக்கு இந்தத் தேதி ஞாபகம் இருக்கு. என் ட்ரெயினிங் ரிசல்ட்டு வந்த நாளு. பாஸாயிட்டேன்னு சொல்லலாம்னு வாசல்லயே நின்னேன். அண்ணன் வந்தாரு, என்னத் தாண்டிப் போனாரு, சாப்புடல, கொல்லையில உக்காந்து பாட்டு பாடிக்கினு இருந்தாரு. ரெண்டு வெரலும் வெந்து கெடக்கு, பாட்டு. மறுநாளுதான் ரிசல்ட்டு என்னாச்சுன்னு கேட்டாரு." நோட்டை மூடினாள். "அன்னைக்கு என்னா படம்?"

"தெரியல."

"உங்களுக்கா தெரியல?"

மணி அடித்தது. ஜனங்கள் உள்ளே போனார்கள். அவள் போகவில்லை.

"நான் வேலைக்குப் போவணும், ஒரு வீடு வேணும், அந்த வீட்டுல இருக்கறவருக்கு நான் வாசல்ல நின்னா தெரியணும். ஜாஸ்தியா ஒண்ணும் கேக்கல. தடை தெரிஞ்சவுங்க சொல்லணும்னு ரெண்டு வாரமா படிக்கிறாங்க. யாரு சொல்றது? அண்ணனா, நீங்களா, நானா? நான் சொன்னா பொண்ணு மேல பழி வரும். அப்பறம் எவனும் வர மாட்டான்."

"நான் சொல்றேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க. எழுதி வைப்பீங்க." நோட்டை என் கையில் வைத்துவிட்டு, பெண்கள் பக்கத்துக் கதவு வழியாகப் படம் பார்க்கப் போய்விட்டாள். மீதிப் படத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

ஞாயிறு மூன்றாவது ஓலை. நடுவில் இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். சனிக்கிழமை ஆபீஸில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மறுபடி சிதம்பரம் போனேன். என்னைச் சனிக்கிழமையில் பார்த்ததும், "ஊருல யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

"இந்தக் கல்யாணம் வேணாம்."

"முதல்ல உக்காரு."

"உக்கார வரல. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"என்னா தெரிஞ்சுபோச்சு? தெரியறதுக்கு..." என்று ஆரம்பித்தவன், புள்ளி வந்து மெஷினுக்கு ஓடினான். நான் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் முக்கால்வாசி அந்தப் புள்ளிக்காகக் காத்திருந்ததுதான். வந்தான்.

"நான் உனக்காகத்தான் இவ்ளோ செஞ்சேன். ஆயுசுக்கும் சேந்து இருக்க வேற என்னா வழி இருக்கு, சொல்லு. நோட்டுல எழுதுனியா எங்கயாவது?"

"வழி எனக்குத் தெரியாது. அவள நடுவுல உக்கார வச்சுட்டு நம்ம ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் உக்காந்து பேசிக்கினு இருக்கறது வழி இல்ல. பாஸாயிட்டேன்னு சொல்ல வாசல்ல நின்னாளாம். நீ தாண்டிப் போயிட்ட. அந்த வீட்டுல நானும் தாண்டித்தான் போவேன்."

அப்போதுதான் அவன் என் பக்கம் திரும்பினான். படம் ஓடும்போது அவன் என்னை நேராக, முழுதாகப் பார்த்தது அன்றுதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே விசில் கிளம்பியது. திரை வெள்ளையாகக் கிடந்தது. இரண்டு புள்ளியையும் தவறவிட்டிருந்தான்.

மெஷினை ஓடவிட்டபின் என் பக்கம் திரும்பவில்லை. "போ" என்றான். "போய்ச் சொல்லு. என்னால சொல்ல முடியாது."

ரயிலில் கடலூர் வந்து நேராகச் சாமியார் வீட்டுக்குப் போனேன். எனக்குச் சம்மதம் இல்லை என்றேன். நிறையப் படித்தவன் என்ற முறையில், சம்மதம் இல்லாமை ஒரு தடைதான் என்பதையும் அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவருக்கு எரிச்சல் வந்தது நியாயம்தான்.

"மந்திரம் கேட்டப்ப தலைய ஆட்டுனியே, அப்ப சம்மதம் இருந்துச்சா?"

"இல்ல சாமி."

"எப்பலேர்ந்து இல்ல?"

தேதி கேட்டால் என் வாய் தானாகச் சொல்லிவிடும். "ஐம்பத்திரண்டு, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறுலேர்ந்து."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப உனக்குப் பதினாலு வயசு. பூசைக்கு உதவி செஞ்சிக்கினு இருந்த."

"ஆமாம் சாமி."

மேலே கேட்கவில்லை. புத்தகத்தைத் திறந்து, அளவுகோல் வைத்து, எங்கள் பெயர்களின் மேல் ஒரு கோடு போட்டார். மறுநாள் மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. பழி என் மேல் வந்தது. வரட்டும் என்றுதான் இருந்தேன். மாப்பிள்ளைக்கு ஏதோ நோய் என்று ஒரு கட்சி, ஆபீஸில் வேறு பெண் என்று ஒரு கட்சி. அம்மா நாலு மாதம் என்னோடு பேசவில்லை. சோறு போடும்போது தட்டைச் சத்தமாக வைப்பாள்.

அடுத்த முறை சிதம்பரம் போன வெள்ளிக்கிழமை தியேட்டருக்குப் போனால், மாடிப்படியில் வாட்ச்மேன் வழி மறித்தார். "ஆப்பரேட்டரு யாரையும் வுட வேணாம்னுட்டாரு." கீழே பெஞ்சில் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அது அவனுடைய வெளிச்சம். பதினைந்து நாளைக்கு ஒரு தரம், பத்து மாதம், அப்படிப் பார்த்தேன். ஒரு புள்ளியைக்கூட அவன் தவறவிடவில்லை. அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பதினோராவது மாதம் ஓட்டையிலிருந்து வேறு ஆளின் குரல் வந்தது. விசாரித்தால் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். எங்கே என்று தெரியவில்லை.

1966 மே மாதம் அவன் தங்கையிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. தபால்காரரும் படிக்கக்கூடிய கார்டு என்பதால் அளவாக எழுதியிருந்தாள். "அண்ணா அவர்களுக்கு. எனக்கு நெல்லிக்குப்பம் பக்கத்தில் வேலை கிடைத்துவிட்டது. கூட வேலை செய்கிறவரோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மூன்று ஓலையும் வாசித்தாயிற்று, தடை ஒன்றும் இல்லை. எங்கள் அண்ணன் பரங்கிப்பேட்டையில் டெண்ட் கொட்டகைக்கு மாறிவிட்டார். அங்கே வெள்ளிக்கிழமை படம் மாற்றுகிறார்கள்."

மறுபடி அண்ணா ஆகியிருந்தேன். அந்தக் கார்டை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பரங்கிப்பேட்டையில் இறங்கினேன். டெண்ட் வாசலில் மணலைக் கொத்திச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். அவன் லுங்கியோடு குந்தி உட்கார்ந்து ரீல் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான். பக்கத்தில் டிக்கெட் கிழிக்கிற ஆள். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபம் இருந்தது. மெலிந்திருந்தான். பிறகு டிக்கெட்காரரிடம் திரும்பி, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னான்.

"பாய், இவரு நம்ம மச்சான். இவருகிட்ட டிக்கெட் கேக்காதீங்க."

"தங்கச்சியக் குடுத்துருக்கீங்களா?"

"இல்ல, இல்ல. சும்மா மச்சான்."

"அது சரி" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு கேள்வி, ஒரு பதில். இதற்காகவா வாழைப்பழத் தட்டு, மந்திரம், இரண்டு ஊரில் இரண்டு ஓலை, அந்தப் பெண்ணின் ஒரு வருடம், என் அம்மாவின் நாலு மாதம்? எங்கள் ஊரில் டீக்கடைக்கு டீக்கடை, ஒன்றும் கொடுக்காமல் வாங்காமல், ஆளுக்கு ஆள் மச்சான் என்றுதானே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்? அவனைக் கேட்டேன்.

"நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றான்.

அவன் சட்டையில் காலர் பொத்தான் திறந்து கிடந்தது. இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன. எழுந்து வந்து முன்னால் நின்றான்.

அன்றைய பதிவில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வெள்ளிக்கிழமை, பரங்கிப்பேட்டை, முதல் ஆட்டம், மணல், காற்று ஜாஸ்தி. படத்தின் பெயரும் எழுதியிருக்கிறேன். மோசமான படம். சிநேகிதக்காரன் வழக்கம்போல் கடைசி ரீலில் செத்தான். ஆனால் அந்த டெண்டில் ஒரே ஒரு மெஷின்தான். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு நிறுத்தி, அடுத்ததை மாட்டுவார்கள். மூலையில் வருகிற புள்ளியை அவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.